ஷியரர் அடித்த கோல் மொத்தம் எத்தனை? 260, 283, 379, 409, 422 எல்லாமே கண்ணில் படுகிறது

ஒன்பதாம் நம்பர்:

இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஆலன் ஷியரர் பற்றி ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி ஒரு விவரக்குறிப்பு தயார் பண்றேன். போற இடமெல்லாம் வேற வேற எண் போட்டிருக்காங்க. தலைப்பில் இருக்கிற ஐந்தையும் பார்த்துட்டேன். தெரிஞ்சவங்க மூணு விஷயம் தெளிவுபடுத்துங்க.

முதலாவது, இந்த ஐந்தில் எது சரி, எதை எங்கே போடணும்? இரண்டாவது, 1997 கணுக்கால் காயத்துக்கு அப்புறம் அவர் பாதி ஆட்டக்காரர் ஆயிட்டார்னு சொல்றாங்க. அது எண்களில் தெரியுதா, இல்லை சும்மா பேச்சா? மூணாவது, பெனால்டியைக் கழிச்சா அந்த 260 சாதனையா நிக்குமா?

ஆட்டம் ஆட்டமா பிரிச்சுக் கொடுத்தா ரொம்ப உதவியா இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

ஐந்துமே சரியான எண்கள்தான் நண்பரே. ஒவ்வொன்றும் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதில்தான் குழப்பம். கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போனால் பிடிபட்டுவிடும்.

260 என்பது பிரீமியர் லீக் மட்டும். பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு 138 ஆட்டத்தில் 112, நியூகாசில் யுனைடெட்டுக்கு 303 ஆட்டத்தில் 148. ஆக 441 ஆட்டம், 260 கோல்.

சவுத்தாம்ப்டனில் அவர் அடித்த லீக் கோல்கள் இதில் வராது. பிரீமியர் லீக் பிறந்ததே 1992 ஆகஸ்டில். அதற்கு முன்பு இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்குக்கு ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று பெயர். ஷியரர் சவுத்தாம்ப்டனை விட்டுக் கிளம்பியது அதே 1992 ஜூலையில். அந்த கிளப்பில் 118 லீக் ஆட்டம், 23 கோல். 260-உடன் அந்த 23-ஐச் சேர்த்தால் 283. மேல்மட்ட லீக்கில் அவருடைய முழுக் கணக்கு இதுதான், அவர் கீழ் டிவிஷனில் ஆடவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இங்கிலாந்து லீக் வரலாற்றிலேயே அதிக கோல்' என்று ஷியரருக்குப் பட்டம் கட்டி எழுதிவிடாதீர்கள். மேல்மட்ட லீக்கில் ஜிம்மி கிரீவ்ஸ் அடித்தது 357. ஷியரருடைய சாதனை பிரீமியர் லீக் காலத்துக்கு மட்டும்.

379 என்பது மூன்று கிளப்புக்கும் எல்லாப் போட்டியும் சேர்த்து: சவுத்தாம்ப்டன் 43, பிளாக்பர்ன் 130, நியூகாசில் 206. இங்கிலாந்து சீனியர் அணிக்கு 63 ஆட்டத்தில் அடித்த 30-ஐக் கூட்டினால் 409. 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 11 ஆட்டத்தில் அடித்த 13-ஐயும் கூட்டினால் 422. அந்த 13-இல் 7 கோல் 1991-இல் டூலான் என்ற இளையோர் போட்டியில் நாலே ஆட்டத்தில் வந்தவை. சீனியர் அணியின் கதவு அவருக்குத் திறந்ததே அதனால்தான்.

ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியை முடிவு செய்ய நடக்கும் ஷூட்-அவுட்டில் போட்ட பெனால்டிகள் எந்தக் கணக்கிலும் சேராது. 1996 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் எதிராக, 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக என்று மூன்று ஷூட்-அவுட்டிலும் அவர் பந்தை உள்ளே அடித்தார். கைக்கணக்காகக் கூட்டுபவர்கள் இவற்றைச் சேர்த்துவிட்டு 30 எப்படி 33 ஆனது என்று முழிப்பார்கள்.

நியூகாசிலின் 206-ஐயும் நிறையப் பேர் லீக் கோல் என்றே எழுதுகிறார்கள். லீக் 148, ஐரோப்பியப் போட்டிகள் 30, மீதி 28 எஃப்ஏ கோப்பையும் லீக் கோப்பையும். பழைய நியூகாசில் ஆட்டக்காரர் ஜாக்கி மில்பர்னின் 200 என்ற கிளப் சாதனையை அவர் தாண்டியது 2006 பிப்ரவரி 4, போர்ட்ஸ்மவுத்துக்கு எதிராக. மில்பர்னின் அந்த 200-இல் போர்க்கால ஆட்டங்களின் கோல்கள் இல்லை. அதையும் ஒரு வரி போட்டுவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் ஒரு பக்கக் குறிப்புக்கு 260, 379, 30 இந்த மூன்றும் போதும். 409-உம் 422-உம் வேறு ஆட்டக்காரர்களோடு ஒப்பிட உதவாது. ஏனென்றால் மற்றவர்களுக்கு யாரும் அப்படிக் கூட்டிப் போடுவதில்லை.

வலதுவிங்:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். சீசன் வாரியா பிரீமியர் லீக் கணக்கு இதோ, அடிச்ச கோலும் ஆடின ஆட்டமும்:

பிளாக்பர்ன்
1992–93: 16 கோல், 21 ஆட்டம்
1993–94: 31, 40
1994–95: 34, 42
1995–96: 31, 35

நியூகாசில்
1996–97: 25, 31
1997–98: 2, 17
1998–99: 14, 30
1999–2000: 23, 37
2000–01: 5, 19
2001–02: 23, 37
2002–03: 17, 35
2003–04: 22, 37
2004–05: 7, 28
2005–06: 10, 32

கணுக்கால் போனது 1997 ஜூலை 26. அதுக்கு முன்னாடி 169 ஆட்டம், 137 கோல். ஆட்டத்துக்கு 0.81. அதுக்குப் பின்னாடி 272 ஆட்டம், 123 கோல். ஆட்டத்துக்கு 0.45. அதனால வெறும் பேச்சு இல்லை, எண்ணிலேயே பளிச்சுனு தெரியுது.

ஆனா 'பாதி ஆட்டக்காரர்'னு எழுதாதீங்க. 'வேற ஆட்டக்காரர்'னு எழுதுங்க. அவருக்கு மூணு பெரிய காயம். மூணும் வேற வேற இடம், விளைவும் வேற வேற.

முதல் காயம் 1992 டிசம்பர், லீட்ஸுக்கு எதிரான ஆட்டம். வலது முழங்காலில் ஏசிஎல் அறுந்தது. முழங்காலுக்குள்ள குறுக்கா ஓடுற லிகமென்ட் அது. ஓடிட்டே திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னாடி வழுக்காம பிடிச்சு வைக்கிறது அதுதான். அறுந்தா தானா ஒட்டாது, வேற இடத்திலிருந்து நார் எடுத்து ஒட்டு வைக்கணும். திரும்பி வர ஆறிலிருந்து ஒன்பது மாசம் ஆகும். இதில் பெரிய ஆபத்து நடுவில்தான். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் ஒட்டு வெச்ச நார் இருக்கிறதிலேயே பலவீனமா இருக்கும், புது ரத்த ஓட்டம் அப்பதான் பிடிக்கும். ஆனா வலியும் வீக்கமும் அதுக்குள்ள குறைஞ்சு, ஆட்டக்காரருக்கு எல்லாம் சரியாயிட்ட மாதிரி இருக்கும். அவசரப்படுறவங்க அங்கதான் மறுபடி அறுத்துக்கிறாங்க. தொடைத் தசையும் வத்திப் போயிருக்கும், அதை ரெண்டு காலிலும் சமமா ஏத்தாம களத்துக்கு வந்தா அடுத்த காலும் காயப்படும். ஷியரர் அந்த சீசனின் மிச்சத்தை முழுசா விட்டுட்டார். அடுத்த சீசன்ல 40 ஆட்டத்தில் 31 அடிச்சார். அந்தக் காலத்தில் ஏசிஎல் பலருக்கு ஆட்ட வாழ்க்கையையே முடிச்ச காயம். அவருக்கு வேகத்தில் பெருசா சேதாரம் இல்லை, வயசு அப்ப 22.

ரெண்டாவது நீங்க கேட்டது. குடிசன் பார்க்கில் செல்சிக்கு எதிரா சீசனுக்கு முந்தைய ஆட்டம், அதுவும் கடைசி நிமிஷங்கள். யாரும் மோதலை. பந்தை எட்டக் காலை நீட்டினார், கால் தரையில் மாட்டி மடங்கிடுச்சு. கணுக்கால் லிகமென்ட்கள் கிழிஞ்சு, 1998 ஜனவரி வரைக்கும் வெளியே. முழங்கால் மாதிரி இல்லை கணுக்கால். ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கிற முன்கள ஆட்டக்காரர், நின்ன இடத்திலிருந்து முதல் மூணு தப்படி பாயறதுக்கு உந்துவிசை அங்கேயிருந்துதான் வருது. கிழிஞ்ச இடம் தழும்பேறி ஆறினா பாதத்தை மேல் நோக்கி மடக்குற அளவு குறையும். அது குறைஞ்சா தப்படி நீளம் குறையும், திடீர்னு நிக்கவும் திரும்பவும் கொஞ்ச நேரம் கூட ஆகும். டிஃபெண்டருக்குப் பின்னாடி காலி இடத்தில் பந்தைப் போட்டுவிட்டு ஷியரரை ஓடவிடுறது பிளாக்பர்னின் முக்கியமான தாக்குதல். காயத்துக்கு அப்புறம் அது அபூர்வமாயிடுச்சு.

பதிலுக்கு அவர் வளர்த்துக்கிட்டது பந்தைப் பிடிச்சு நிறுத்துற கலை. உயரம் 1.83 மீட்டர்தான், இடுப்பைத் தாழ்த்தி, பின்னாடி நிக்கிற டிஃபெண்டர் மேல சாஞ்சு, ஒரு கையை அகலமா விரிச்சு அவர் எந்தப் பக்கம் நகர்றார்னு கையாலேயே உணர்ந்துக்கிட்டு, மார்பிலோ தொடையிலோ பந்தை வாங்கிப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவார். தள்ளின கையோட கோல் முன்னாடி இருக்கிற பெனால்டி பெட்டிக்குள்ள நடந்து போய், ஓரத்திலிருந்து உள்ளே வர்ற பந்துக்கு, அதாவது கிராஸுக்கு, காத்திருப்பார். முழங்கையை அதிகமா வெச்சாருன்னு எதிரணி ரசிகர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

மூணாவது காயம் 2006 ஏப்ரல் 17, சண்டர்லாண்ட் மைதானம். நியூகாசில் 4-1 ஜெயிச்ச ஆட்டம். பெனால்டியில் தன் 206-ஆவது கோலை அடிச்சு, கொஞ்ச நேரத்திலேயே இடது முழங்காலின் உள்பக்க லிகமென்ட் கிழிஞ்சது. சீசன் முடிய மூணு ஆட்டம் பாக்கி. அதோட முடிஞ்சது.

பழைய டெரஸ்:

வலதுவிங் சொன்னதில் காயம் பற்றிய பகுதி அருமை. ஆனால் 0.81-இலிருந்து 0.45-க்கு இறங்கினதை முழுக்கக் கணுக்கால் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அவருக்குப் பந்து கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள்.

பிளாக்பர்னில் வலது விங்கில் ஸ்டூவர்ட் ரிப்ளி, இடது விங்கில் ஜேசன் வில்காக்ஸ். ரெண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான்: கோட்டை ஒட்டி ஓடு, கிராஸ் போடு. 1994-இல் நார்விச்சிலிருந்து 50 லட்சம் பவுண்ட் கொடுத்து கிறிஸ் சட்டனைக் கொண்டுவந்தார்கள். உயரமான பந்துக்கு டிஃபெண்டரோடு மல்லுக்கட்டுவது சட்டன், சிதறி விழும் பந்தை எடுப்பது ஷியரர். மேலாளர் டால்கிளிஷ் வடிவமைத்த அந்த அணி 1994–95-இல் 89 புள்ளியோடு, மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே புள்ளியில் முந்திக் கோப்பை வாங்கியது. கடைசி நாள் ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 1-2 தோற்றபோதும் பிளாக்பர்னின் ஒரு கோல் ஷியரருடையதுதான். மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமோடு 1-1 டிரா செய்ததால் தப்பித்தார்கள். ஷியரரின் ஒரே பெரிய கோப்பை அது.

1996 ஜூலையில் 1.5 கோடி பவுண்டுக்கு, அன்றைய உலக சாதனை விலைக்கு, நியூகாசில் போனார். முதல் சீசனில் பக்கத்தில் லெஸ் ஃபெர்டினாண்ட், பின்னால் பியர்ட்ஸ்லி, இடதில் ஜினோலா. அடுத்த கோடையில் ஜினோலா போனார். ஃபெர்டினாண்டை டாட்டன்ஹாமுக்கு விற்கும் பேச்சு முடிகிற அதே நாளில்தான் ஷியரரின் கணுக்கால் மடங்கியது. நிறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த சீசனில் லீக்கில் 13-ஆவது இடம். அடுத்த சீசனிலும் 13. கோல் குறையாமல் என்ன செய்யும்? கூடவே வயது 27-ஐத் தாண்டிவிட்டது.

1999 ஆகஸ்டில் சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில் மேலாளர் ரூட் குல்லிட் அவரை வெளியே உட்கார வைத்தார். கொட்டுகிற மழையில் 1-2 தோல்வி, சில நாளில் குல்லிட் ராஜினாமா. அடுத்து பாபி ராப்சன். அவர் செய்த திருத்தம் மிக எளிமையானது: கோலுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நிற்காதே, உடம்பைப் பக்கவாட்டில் திறந்து வை, பந்தையும் கோலையும் ஒருசேரப் பார். முழு முதுகு காட்டி நின்றால் பந்து வந்தபின் திரும்ப ரெண்டு தொடுகை வேண்டும், டிஃபெண்டர் அதற்குள் ஒட்டிவிடுவார். பக்கவாட்டில் நின்றால் முதல் தொடுகையிலேயே திரும்பலாம். ராப்சனின் முதல் உள்ளூர் ஆட்டம் செப்டம்பர் 19, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே: 8-0, அதில் ஷியரர் 5.

அந்தப் பட்டியலையே மறுபடி பாருங்கள். 2001–02-இல் 23, 2003–04-இல் 22. வயது 31, 33. கணுக்கால் அதேதான். வேகமான கிரெய்க் பெல்லாமி வந்து சேர்ந்தார், காலி இடத்துக்கு ஓடுகிற வேலை அவருக்குப் போனது. விங்கில் சொலானோவும் லோராங் ரொபேரும் கிராஸ் போட்டார்கள். 2002-இல் நாலாவது இடம், 2003-இல் மூன்றாவது. எவர்ட்டனுக்கு எதிராக, பந்து தரையில் படுமுன் அடித்த அந்த புகழ்பெற்ற வாலியும் இந்தக் காலத்தியதுதான், 2002 டிசம்பர் 1. நீளமாக வந்த பந்தை ஷோலா அமியோபி தலையால் இறக்கிக் கொடுக்கிறார். பந்து தரையைத் தொடுமுன் வலது காலின் மேல்பகுதியால், கோலிலிருந்து 25 கஜம் போல இருக்கும், ஒரே அடி. ஷியரரின் தலை பந்துக்கு மேலே குனிந்தே இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு வேகத்திலும் பந்து கம்பத்துக்கு மேலே பறக்காமல் மூலையில் போய் விழுந்தது. அதைச் செய்தவரைப் பாதி ஆட்டக்காரர் என்று எழுத எனக்கு மனசு வராது.

ஒன்பதாம் நம்பர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு காரணத்தையும் போட்டுடறேன். பெனால்டி பாக்கி இருக்கு. அதோட, 34 கோல் அடிச்ச சீசன்ல 42 ஆட்டம், இப்ப 38 தானே. அதையும் குறிப்பிடணுமா?

கணக்குப்பிள்ளை:

கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். 1995 வரை லீக்கில் 22 அணிகள், அதனால் 42 ஆட்டம். 1995–96-இலிருந்து 20 அணி, 38 ஆட்டம். 34 என்ற எண்ணில் அவருக்கு முன்பே ஆண்டி கோல் (Andy Cole) என்ற ஆட்டக்காரர் 1993–94-இல் நின்றார், அதுவும் 40 ஆட்டத்தில். அந்த 34-ஐத் தாண்டியது 2022–23-இல் ஹாலண்ட், 38 ஆட்ட சீசனில் 36. என் பார்வையில் ஷியரரின் ஆகச் சிறந்த லீக் சீசன் 1995–96-தான். 35 ஆட்டத்தில் 31, ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) மட்டும் ஐந்து. பிளாக்பர்ன் அந்த வருஷம் பட்டத்தைத் தக்கவைக்கும் நிலையில்கூட இல்லை. அதையும் மீறி அடித்தார், தொடர்ந்து மூன்றாவது சீசனாக முப்பதைத் தாண்டினார்.

இப்போது பெனால்டி. பிரீமியர் லீக்கில் 67 எடுத்தார், 56 உள்ளே, 11 தவறியது. அதாவது 83.6 சதவீதம். 260-இல் 56-ஐக் கழித்தால் 204. ஆண்டி கோலின் 187-இல் பெனால்டி ஒன்றே ஒன்று, கழித்தால் 186. அவருக்கும் மேலேதான் நிற்கிறார். ஹாரி கேனோடு வைத்துப் பார்த்தால் நிலைமை கொஞ்சம் மாறும். பெனால்டியும் சேர்த்து கேன் 320 ஆட்டத்தில் 213, ஆட்டத்துக்கு 0.67. ஷியரர் 0.59. மொத்தத்தில் ஷியரர், விகிதத்தில் கேன். இதை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை. ஆனால் ஷியரரின் 441-இல் 35 வயதுவரை ஆடிய கடைசி ரெண்டு சீசன்களும் அடங்கும், 60 ஆட்டம், 17 கோல். அது விகிதத்தை இழுத்துவிட்டது.

தலையால் அடித்தவை 46. அந்த வகையில் அவருக்கு மேலே பீட்டர் க்ரவுச், 53. க்ரவுச் ரெண்டு மீட்டர் உயரம். 1.83 மீட்டர் ஆள் 46 அடித்தது தாவும் நேரத்தால் வந்தது. ஹாட்ரிக் 11. 2020 ஜனவரியில் அகுவேரோ 12-ஆவது அடிக்கும்வரை அது சாதனை.

வலதுவிங்:

இங்கிலாந்து பகுதிக்கு ஒரு விஷயம் சேர்த்துக்கங்க. 30 கோல்னு மட்டும் போட்டா 1996 யூரோவின் அருமை தெரியாது. அந்தப் போட்டிக்கு வரும்போது இங்கிலாந்துக்காகத் தொடர்ந்து 12 ஆட்டத்தில் கோல் இல்லை, 21 மாசம். போட்டியை நடத்துற நாடுங்கிறதால தகுதிச் சுற்று கிடையாது, ஆடினதெல்லாம் நட்பு ஆட்டம். பத்திரிகைகள் பிச்சு எடுத்தும் மேலாளர் டெர்ரி வெனபிள்ஸ் அவரை மாத்தலை.

சுவிட்சர்லாந்துக்கு எதிரா 23-ஆவது நிமிஷம் முதல் கோல். ஸ்காட்லாந்துக்கு எதிரா கேரி நெவில் போட்ட கிராஸை தூரக் கம்பத்துப் பக்கம் வந்து தலையால் அடிச்சது ரெண்டாவது. நெதர்லாந்துக்கு எதிரா ரெண்டு: ஒண்ணு பெனால்டி. இன்னொண்ணு ஷெரிங்காம் அடிக்கிற மாதிரி காலை ஓங்கி, டிஃபெண்டர்களை அங்கேயே நிறுத்திட்டு, வலது பக்கம் மெதுவாத் தள்ளிவிட்டது. ஷியரர் அதை வலையின் கூரையில் அடிச்சார். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிரா மூணாவது நிமிஷம், காஸ்கொய்ன் கார்னர், டோனி ஆடம்ஸ் தலையால் உரசி விட்டது, ஷியரர் தலை. ஐந்து கோல், போட்டியிலேயே அதிகம்.

2000 யூரோவோட 29 வயசுல இங்கிலாந்து அணியை விட்டுட்டார். அதைத் 'துரத்தப்பட்டார்'னு சில இடத்தில் எழுதியிருக்காங்க. தப்பு. போட்டிக்கு முன்னாடியே தானா அறிவிச்ச முடிவு. அந்தக் கடைசிப் போட்டியிலும் ஷார்ல்ருவாவில் ஜெர்மனியை 1-0 ஜெயிச்ச கோல் அவருடையது, ருமேனியாவுக்கு எதிரா ஒரு பெனால்டியும் உண்டு.

பழைய டெரஸ்:

குறிப்பில் சவுத்தாம்ப்டனை ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். 1988 ஏப்ரல் 9, ஆர்சனலுக்கு எதிராக முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடி ஹாட்ரிக். வயது 17 வருஷம் 240 நாள், ஃபர்ஸ்ட் டிவிஷனில் ஜிம்மி கிரீவ்ஸ் வைத்திருந்த சாதனை உடைந்தது. ஆனால் அதற்கு அடுத்த மூன்று சீசன் முழுவதும் சேர்த்து லீக்கில் ஏழே கோல். அவரை அங்கே கோல் அடிக்கும் ஆளாகவே வைத்திருக்கவில்லை. பந்தைப் பிடித்து நிறுத்தி மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலை. 1991–92-இல்தான் 13 வந்தது. அதைப் பார்த்துத்தான் பிளாக்பர்ன் 36 லட்சம் பவுண்ட் கொடுத்தது. 1997-க்குப் பிறகு அவர் புதிதாகக் கற்றது என்று நாம் மேலே பேசிய அந்த வேலையின் அடிப்படை இங்கேயே போடப்பட்டது.

மேலாளர் வேலையையும் போடுவதானால் 2009 ஏப்ரல், மே என்று மட்டும் போடுங்கள்: நியூகாசிலுக்கு எட்டு ஆட்டம், ஒரு வெற்றி, ரெண்டு டிரா, ஐந்து தோல்வி, கடைசி நாள் ஆஸ்டன் வில்லாவில் 0-1 தோற்று கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். காயப் பட்டியலில் 1992 வலது முழங்கால், 2006 இடது முழங்கால். இதை மாற்றிப் போட்டு நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன், அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபாருங்கள்.